ஓடுன வேலையவே திரும்ப ஓட்டாம இருக்க: மேக்கா, ஜாப்லிப்பா, டிவிசியா, பேசலா?

ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் வச்சிருந்தேன், மொத்தம் அஞ்சு ஸ்டெப். முதல் ரெண்டு ஸ்டெப் டேட்டாவை கிளீன் பண்ணி ஜாயின் பண்றது, அதுக்கே 40 நிமிஷம் போயிடும், கடைசி ஸ்டெப் கிராஃப் வரையறது, அது 3 செகண்ட்தான். ஆனா கிராஃப்ல ஒரு லேபிள்ல எழுத்துப்பிழை திருத்தணும்னா கூட 40 நிமிஷம் உக்காந்திருக்கணும். எல்லாரும் பண்றதைத்தான் நானும் பண்ணேன், முதல் ரெண்டு ஸ்டெப்பை கமெண்ட் பண்ணிட்டு ஏற்கனவே சேவ் ஆயிருந்த ஃபைலைப் படிக்க விட்டேன். மூணு நாள் கழிச்சு கிளீனிங் கோட்ல ஒரு பக் இருக்குன்னு தெரிஞ்சு ஃபிக்ஸ் பண்ணேன், ஓட்டுனேன், நம்பர் மாறவே இல்ல. சரியா இருக்கற கோட்டுக்குள்ள அரை நாள் பக் தேடிட்டு இருந்தேன். கமெண்டை எடுக்க மறந்ததுதான் விஷயம்னு கடைசியிலதான் உறைச்சுது.

இதுல ஒரு ஆறுதல் என்னன்னா இது ரொம்பப் பழைய வியாதி. 1976ல பெல் லேப்ஸ்ல ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் மேக்ங்கற டூலை எழுதுனதுக்கு காரணமே இதுதான். யாக்ங்கற டூலை எழுதுன ஸ்டீவ் ஜான்சன் ஒருநாள் ஃபெல்ட்மேன் ரூமுக்குள்ள புலம்பிட்டே வந்தாராம், பக்கை ஃபிக்ஸ் பண்ணியாச்சு, ஆனா அந்த ஃபைலைத் திரும்ப கம்பைல் பண்ணலை, அதனால சரியான புரோகிராமை ஒரு காலைப்பொழுது முழுக்க டீபக் பண்ணிட்டு இருந்திருக்காரு. ஆக, வேகத்துக்காக மட்டும் வந்த டூல் இல்ல அது, எது பழசு எது புதுசுன்னு மனுஷன் ஞாபகத்தை நம்பக் கூடாதுங்கறதுக்காக வந்தது.

அதுக்கப்புறம் நான் ஒவ்வொரு வழியா போட்டுப் பார்த்தேன், சிலது இன்னும் வச்சிருக்கேன், சிலதைத் தூக்கிப் போட்டுட்டேன். எது வேகம்னு ஒப்பிட்டு பிரயோஜனம் இல்லைங்கறது என் அபிப்ராயம், ஏன்னா கேஷ் ஹிட் ஆச்சுன்னா (அதாவது சேவ் பண்ணி வச்ச பழைய ரிசல்ட் கிடைச்சுட்டா) எல்லாமே வேகம்தான். ஒப்பிட வேண்டியது கீயை. அதாவது "இந்த வேலை ஏற்கனவே நடந்துடுச்சு, திரும்பப் பண்ண வேண்டாம்"னு அந்த டூல் எதை வச்சு முடிவு பண்ணுது, அந்த இன்புட் லிஸ்ட்டை எழுதித் தர்றது நீங்களா, இல்ல டூலே கண்டுபிடிச்சுக்குதா.

இன்புட்னா டேட்டா ஃபைல் மட்டும்னு நினைக்கறவங்கதான் ஜாஸ்தி. கோட் ஒரு இன்புட், அந்த கோட் கூப்பிடற இன்னொரு கோட் ஒரு இன்புட், கமாண்ட் லைன்ல குடுக்கற ஃப்ளாக் இன்புட், கம்பைலர் வெர்ஷன், லைப்ரரி வெர்ஷன், என்விரான்மென்ட் வேரியபிள், லொக்கேல் செட்டிங், டைம்ஸோன், இப்படி போயிட்டே இருக்கும். இதுல ஒண்ணை கீல சேர்க்க மறந்தா, அது மாறும்போது டூலுக்குத் தெரியாது, பழைய ரிசல்ட்டை எடுத்து நீட்டும். தேவையில்லாததைச் சேர்த்தா சும்மா சும்மா திரும்ப ஓடும். ரெண்டும் தப்புதான், ஆனா ஒரே அளவு தப்பு இல்ல. ரெண்டாவதுல நேரம் போகும், அவ்ளோதான், முதல்ல தப்பான ரிசல்ட் சரியானது மாதிரியே வந்து நிக்கும், எர்ரர் மெசேஜ் கூட வராது.

இன்னொண்ணு, கேஷ் பண்ணறதுக்கு முன்னாடி அந்த வேலை உண்மையிலேயே ஒரே இன்புட்டுக்கு ஒரே ரிசல்ட் தருதான்னு பார்க்கணும். ரேண்டம் சீட் போடாம விட்டது, இன்னைக்கு தேதியை எடுத்துக்கறது, நெட்வொர்க்ல இருந்து டவுன்லோட் பண்றது, இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். தெரியாம மாட்டிக்கறது சின்ன விஷயங்கள்லதான். பைத்தான்ல ஒரு ஃபோல்டர்ல இருக்கற ஃபைல் லிஸ்ட்டைக் கேட்டா அது எந்த வரிசையில வரும்னு எந்த உத்தரவாதமும் கிடையாது, சார்ட் பண்ணாம விட்டா ஒரு மெஷின்ல ஒரு வரிசை, இன்னொண்ணுல வேற வரிசை. பைத்தான் 3.3ல இருந்து ஸ்ட்ரிங்கோட ஹாஷ் (உள்ள இருக்கறதை வச்சுக் கணக்குப் போட்டு எடுக்கற அடையாள நம்பர்) ஒவ்வொரு தடவை புரோகிராம் ஸ்டார்ட் ஆகும்போதும் மாறும், அதனால ஸ்ட்ரிங் செட்டை அப்படியே லூப் பண்ணி ஃபைல்ல எழுதுனீங்கன்னா ஒவ்வொரு ரன்லயும் வரிசை மாறலாம். அந்த பில்ட் இன் ஹாஷையே கேஷ் கீயா யூஸ் பண்ணி டிஸ்க்ல சேவ் பண்ணவங்களும் இருக்காங்க (நானும் பண்ணிருக்கேன்), அடுத்த ரன்ல ஒண்ணு கூட ஹிட் ஆகாது, கேஷ் ஃபோல்டர் மட்டும் வீங்கிட்டே போகும்.

சரி, வழிகளுக்கு வருவோம். கமெண்ட் பண்றதுக்கு அடுத்தபடி எல்லாரும் போறது "அவுட்புட் ஃபைல் இருக்கா, இருந்தா ஸ்கிப்". ரெண்டு வரி கோட், எந்த டூலும் வேண்டாம். ஆனா இதோட கீல இருக்கறது ஃபைல் பேர் மட்டும்தான். கோட் மாறினாலும் டேட்டா மாறினாலும் இதுக்குக் கவலையே இல்ல. டவுன்லோட் மாதிரி, ஒரு தடவை வந்தா மாறவே மாறாத விஷயத்துக்கு இது போதும், அதுக்கு மேல வேண்டாம். இதுலயும் ஒரு கண்ணி இருக்கு, பாதி எழுதிட்டு இருக்கும்போது புராசஸ் செத்துப்போச்சுன்னா பாதி ஃபைல் அப்படியே கிடக்கும், அடுத்த ரன் "ஃபைல் இருக்கே"ன்னு சந்தோஷமா தாண்டிப் போயிடும். அதனால டெம்பரரி பேர்ல எழுதி முடிச்சுட்டு கடைசியில ரீனேம் பண்ணுங்க, டெம்பரரி ஃபைலும் அதே டிஸ்க் பார்ட்டிஷன்ல இருக்கணும், வேற பார்ட்டிஷன்னா அது ரீனேம் கிடையாது, காப்பி, காப்பியும் பாதியில நிக்கும். இந்த ஒரு பழக்கம் கீழ சொல்லப்போற எல்லா வழிக்கும் பொருந்தும்.

மேக். 1976ல வந்தது, இன்னைக்கும் கிட்டத்தட்ட எந்த லினக்ஸ் மெஷினுக்குப் போனாலும் கிடைக்கும், டேட்டா வேலைக்கும் யூஸ் பண்ணலாம், சி கோட் கம்பைல் பண்ண மட்டும்தான்னு இல்ல. எந்த ஃபைல் எதைச் சார்ந்திருக்குன்னு எழுதிக் குடுத்தா, இன்புட்டோட டைம்ஸ்டாம்ப் அவுட்புட்டை விட புதுசா இருந்தா மட்டும் ஓட்டும். அந்த 40 நிமிஷ ஸ்கிரிப்ட்டை நான் முதல்ல மாத்துனது இதுக்குத்தான், அஞ்சு ஸ்டெப்பை அஞ்சு சின்ன ஸ்கிரிப்ட்டா உடைச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு ரூல். கிளீனிங் ஸ்கிரிப்ட்டையும் டிபெண்டன்சில சேர்த்துட்டேன், அதை மறந்தா பழைய குருடி கதவைத் திறடிதான். முக்கால்வாசி பிரச்சனை அன்னைக்கே தீர்ந்துச்சு. (ரூல்ல ஸ்பேஸ் வைக்கக் கூடாது டேப்தான் வைக்கணும்னு படுத்தறது இருக்கே, அதுக்கு ஃபெல்ட்மேனே சொன்ன காரணம், தப்புன்னு தெரியறதுக்குள்ள பத்துப் பன்னெண்டு பேர் யூஸ் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க, அவங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு விட்டுட்டாராம்.)

மேக்கோட குறை எல்லாம் அந்த டைம்ஸ்டாம்ப்லதான் இருக்கு. கிட்ல (கோடோட வெர்ஷனை எல்லாம் வச்சுக்கற டூல்) வேற பிராஞ்சுக்குப் போய்ட்டு திரும்பி வந்தீங்கன்னா, நடுவுல மாறின ஃபைலுக்கெல்லாம் இப்போ மணி என்னவோ அதுதான் டைம்ஸ்டாம்ப், உள்ள ஒரு எழுத்து மாறியிருக்காது, ஆனா மேக் எல்லாத்தையும் திரும்ப ஓட்டும். புதுசா குளோன் பண்ணாலும் அதே கதைதான். இது நேரம் வீணாகற பக்கத் தப்பு, பொறுத்துக்கலாம். இன்னொரு பக்கம்தான் ஆபத்து, கமாண்ட்ல ஃப்ளாக்கை மாத்துனா மேக்குக்குத் தெரியாது, ஃப்ளாக் ஒண்ணும் ஃபைல் இல்லையே. மேக் மாதிரியே இருக்கற நிஞ்சாங்கற டூல் இதைச் சரி பண்ணியிருக்கு, ஒவ்வொரு அவுட்புட்டும் எந்த கமாண்ட்ல வந்துச்சுன்னு ஒரு லாக்ல வச்சுக்குது, கமாண்ட் மாறுனா திரும்ப ஓட்டும். மேக்லயே பண்ணணும்னா ஃப்ளாக்கை ஒரு சின்ன ஃபைல்ல எழுதி, உள்ள இருக்கறது மாறுனா மட்டும் அந்த ஃபைலைத் தொடற மாதிரி வச்சு, அதை டிபெண்டன்சியா போடணும், அசிங்கமா இருக்கும் ஆனா வேலை செய்யும். அப்புறம் ரூல் ஃபெயிலானா பாதி அவுட்புட்டை அழிக்கச் சொல்லி குனு மேக்ல ஒரு ஸ்பெஷல் டார்கெட் இருக்கு, டெலீட் ஆன் எர்ரர்னு, அது டீஃபால்ட்டா ஆஃப்ல இருக்கும், எந்த மேக்ஃபைல் எழுதுனாலும் முதல்ல அதைப் போட்டுடுங்க.

மேக் பக்கம் போகாம, ஃபங்ஷன் லெவல்லயே ரிசல்ட்டை ஞாபகம் வச்சுக்கற வழி இருக்கு, மெமோயிசேஷன். இந்த வார்த்தையை 1968லயே டொனால்ட் மிச்சி கொண்டு வந்துட்டாரு. பைத்தான்ல ஃபங்ஷன் மேல எல்ஆர்யூ கேஷ் டெக்கரேட்டரை ஒரு வரி போட்டா போதும், 3.2ல இருந்து இருக்கு. கிளாஸ் எடுக்கறவங்க எல்லாம் காட்டற ஃபிபோனாச்சி உதாரணம்தான், கேஷ் இல்லாம 30வது நம்பரைக் கேட்டா அந்த ஃபங்ஷன் 26,92,537 தடவை கூப்பிடப்படும், கேஷ் போட்டா உள்ள 31 தடவைதான் கணக்கு நடக்கும். ஆனா புரோகிராம் முடிஞ்சதும் எல்லாம் போச்சு, நாளைக்கு ஓட்டுனா முதல்ல இருந்துதான். அதனால என் 40 நிமிஷத்துக்கு இது உதவவே இல்ல. ஒரே ரன்னுக்குள்ள ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேக்கற இடத்துக்குத்தான் இது.

அதுலயும் மூணு விஷயம் கவனிக்கணும். டீஃபால்ட்டா 128 ரிசல்ட்தான் வச்சுக்கும், 129வது வந்தா ரொம்ப நாளா தொடாததைத் தூக்கிடும், 200 ஐட்டத்தை வரிசையா லூப் பண்ணிட்டு திரும்ப முதல்ல இருந்து லூப் பண்ணா ஒண்ணு கூட ஹிட் ஆகாது, "கேஷ் போட்டும் ஸ்லோவா இருக்கே"ன்னு தலையைப் பிச்சுக்கணும். ரெண்டாவது, லிஸ்ட்டை ரிட்டர்ன் பண்ற ஃபங்ஷனை கேஷ் பண்ணீங்கன்னா காப்பி வராது, அதே லிஸ்ட்தான் வரும், வாங்குனவங்க அதுல ஒரு ஐட்டத்தைச் சேர்த்தா கேஷ்ல இருக்கறதும் சேர்ந்தே கெட்டுப்போகும். டப்பிளா ரிட்டர்ன் பண்ணிடறது நல்லது. மூணாவது, கிளாஸ் மெதட் மேல போட்டா அந்த ஆப்ஜெக்ட்டையும் கேஷ் புடிச்சு வச்சுக்கும், கேஷ்ல இருந்து போற வரைக்கும் அது மெமரியை விட்டுப் போகாது, யார் புடிச்சு வச்சிருக்காங்கன்னு தெரியாது.

ரிசல்ட் டிஸ்க்ல நிக்கணும், மேக்ஃபைல் எழுதப் பிடிக்கலை, நோட்புக்லயே வேலை பார்க்கறேன்னா ஜாப்லிப்ங்கற பைத்தான் லைப்ரரில இருக்கற மெமரி. ஆர்கியூமெண்ட்டுக்கு எல்லாம் ஹாஷ் போட்டு, ரிசல்ட்டை டிஸ்க்ல வச்சுக்கும், நம்பை லைப்ரரியோட பெரிய அர்ரேவை எல்லாம் நல்லாவே கையாளும். நான் சந்தோஷமா யூஸ் பண்ணிட்டு இருந்தேன், ஒரு விஷயம் தெரியற வரைக்கும். ஃபங்ஷனோட கோட் மாறுனா ஜாப்லிப் கண்டுபிடிச்சுடும், அந்த ஃபங்ஷனோட பழைய கேஷை அழிச்சுட்டு திரும்ப ஓட்டும். ஆனா அந்த ஃபங்ஷன் உள்ள கூப்பிடற இன்னொரு ஃபங்ஷன் மாறுனா அதுக்குத் தெரியாது. அதாவது கேஷ் போட்டது கிளீன் ஃபங்ஷன் மேல, பக் இருந்தது அது கூப்பிடற தேதி பார்ஸ் பண்ற குட்டி ஃபங்ஷன்ல, அதைத் திருத்துனா பழைய ரிசல்ட்தான் வரும். கமெண்ட் பண்ணி வச்சப்போ எங்க விழுந்தேனோ அதே குழி, இந்தத் தடவை மேல ஒரு அழகான டெக்கரேட்டர். இதுக்கு நான் பண்றது, ஃபங்ஷனுக்கு வெர்ஷன்னு ஒரு எக்ஸ்ட்ரா ஆர்கியூமெண்ட் வச்சு, உள்ள எங்க கை வச்சாலும் அந்த நம்பரை ஏத்தறது. திரும்பவும் மனுஷன் ஞாபகம்தான், ஆனா கமெண்ட்டை எடுக்கறதை விட நம்பரை ஏத்தறது மறக்காது, டிஃப்ல (என்ன மாறுச்சுன்னு காட்டற லிஸ்ட்) கண்ணுக்கு முன்னாடி நிக்கும்.

ரிசல்ட் பிக்கிள் ஃபைலாத்தான் (பைத்தான் ஆப்ஜெக்ட்டை அப்படியே சேவ் பண்ற ஃபார்மட்) சேவ் ஆகும், அதனால முன்னப்பின்ன தெரியாதவங்க குடுத்த கேஷ் ஃபோல்டரை லோட் பண்ணாதீங்க, பிக்கிளைத் திறக்கறதும் அடுத்தவன் கோட்டை ஓட்டறதும் ஒண்ணுதான். லைப்ரரி வெர்ஷனை ஏத்துனாலும் ஜாப்லிப்புக்குத் தெரியாதுங்கறதையும் மனசுல வச்சுக்கோங்க, பாண்டாஸ் அப்கிரேட் பண்ண அன்னைக்கு கேஷ் ஃபோல்டரை மொத்தமா அழிச்சுடறது என் வழக்கம்.

இப்போ ஹாஷ் பக்கம். இங்கதான் எனக்கு எண்ணமே மாறுச்சு, அதனால கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போறேன். டைம்ஸ்டாம்ப்புக்கு பதிலா ஃபைலுக்குள்ள இருக்கறதோட ஹாஷை வச்சு முடிவு பண்ணா, கிட்ல பிராஞ்ச் மாறி வந்தது, குளோன் பண்ணது எதுவும் தொந்தரவே இல்ல, உள்ள இருக்கறது அதேன்னா ஹாஷும் அதேதான். இது எல்லாரும் சொல்ற லாபம். எனக்குப் பெருசா பட்டது வேற ரெண்டு.

ஒண்ணு, மேக் ஒரே ஒரு ரிசல்ட்டைத்தான் ஞாபகம் வச்சுக்கும், கடைசியா ஓட்டுனது. ஒரு பாராமீட்டரை 5ல இருந்து 10க்கு மாத்தி ஓட்டிட்டு, நல்லா வரலைன்னு திரும்ப 5க்குப் போனா, 5க்கான வேலையை மறுபடி முதல்ல இருந்து செய்யும், அந்த ரிசல்ட் மேல 10க்கானதை ஏற்கனவே எழுதியாச்சு. ஹாஷை வச்சு ஸ்டோர் பண்ற டூல்ல ரெண்டும் தனித்தனியா கிடக்கும், திரும்பப் போனா எடுத்துக் குடுத்துடும். டிவிசிங்கற டேட்டா வெர்ஷன் டூல் இதைத்தான் பண்ணுது, ஸ்டேஜ்னு எழுதி டிபெண்டன்சி, பாராமீட்டர், அவுட்புட் எல்லாம் குடுத்தா, எல்லாத்தோட எம்டி5 ஹாஷையும் ஒரு லாக் ஃபைல்ல போட்டுக்குது, அதை கிட்ல கமிட் பண்ணிடலாம், அவுட்புட் எல்லாம் கேஷ் ஃபோல்டர்ல ஹாஷ் பேர்ல கிடக்கும். முன்னாடி எப்பவாவது இதே இன்புட், இதே கமாண்ட் ஓடியிருந்தா ஓட்டாம அந்த ரிசல்ட்டை எடுத்து வச்சுடும். எக்ஸ்பெரிமெண்ட் பண்றவங்க முன்னாடியும் பின்னாடியும் போய் வந்துட்டே இருப்பாங்க இல்லையா, அவங்களுக்கு மேக்குக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ரெண்டாவது, பாதியில நிக்கறது. கிளீனிங் ஸ்கிரிப்ட்ல ஒரு கமெண்ட் வரி சேர்த்தேன்னு வைங்க, ஸ்கிரிப்ட் மாறிடுச்சு அதனால அந்த ஸ்டெப் ஓடும், வேற வழியில்ல. ஆனா அவுட்புட் பழசு மாதிரியே பைட் பைட்டா அப்படியே வந்தா, அடுத்த ஸ்டெப்போட இன்புட் ஹாஷ் மாறலை, அங்கயே நின்னுடும். மேக்ல அவுட்புட் ஃபைலோட டைம்ஸ்டாம்ப் புதுசாயிடுச்சு, அதனால கீழ இருக்கற நாலும் வரிசையா ஓடும். இதுக்கு ஒரே நிபந்தனை, அவுட்புட் உண்மையிலேயே பைட் பைட்டா அதேதான் வரணும், உள்ள எங்கயாவது "இன்னைக்கு இத்தனை மணிக்கு உருவாக்கப்பட்டது"ன்னு எழுதற ஃபார்மட்னா இந்த லாபம் போச்சு. ஜிசிப்ல கம்ப்ரஸ் பண்ண ஃபைலோட ஹெடர்ல கூட டைம்ஸ்டாம்ப் இருக்கு, பைத்தான்ல இருந்து கம்ப்ரஸ் பண்ணி எழுதும்போது அதை 0ன்னு செட் பண்ணிடுங்க.

குறை இல்லாம இல்ல. ஹாஷ் போடணும்னா ஃபைல் முழுக்கப் படிக்கணும், டைம்ஸ்டாம்ப்னா ஃபைல் சிஸ்டம்கிட்ட ஒரு கேள்வி கேட்டா போதும், பத்து ஜிபி ஃபைல் நிறைய இருந்தா இது வலிக்கும். அதனால பெரும்பாலான டூல் கிட் பண்ற மாதிரிதான் பண்ணும், சைஸும் டைம்ஸ்டாம்ப்பும் மாறலைன்னா பழைய ஹாஷையே வச்சுக்கும், மாறியிருந்தா மட்டும் திரும்பப் படிக்கும். டிஸ்க் இடம் இன்னொரு தலைவலி, எல்லா வெர்ஷனையும் வச்சுக்கிட்டா ஃபோல்டர் பெருத்துட்டே போகும், சுத்தம் பண்ற கமாண்ட் இருக்கு ஆனா எதை வச்சுக்கணும்னு நீங்கதான் சொல்லணும். முக்கியமா, டிபெண்டன்சி லிஸ்ட்டை எழுதறது இன்னும் நீங்கதான். ஸ்கிரிப்ட் இம்போர்ட் பண்ற ஹெல்பர் ஃபைலை லிஸ்ட்ல போடாம விட்டா டிவிசிக்கும் தெரியாது. கீயைக் கணக்குப் போடற விதம் நல்லாயிடுச்சு, கீல என்ன இருக்குங்கறது அதே பழைய கதைதான்.

ஸ்னேக்மேக் பத்தி ஒரு வரி. ரொம்ப நாள் அதுவும் மேக் மாதிரி டைம்ஸ்டாம்ப்பைத்தான் பார்த்துட்டு இருந்துச்சு, 7.8 வெர்ஷன்ல ரூலோட கோட், பாராமீட்டர், சாஃப்ட்வேர் என்விரான்மென்ட் மாறினாலும் திரும்ப ஓட்டற மாதிரி டீஃபால்ட்டை மாத்திட்டாங்க. பேர்ல பாதி மேக்தான் இருக்கு, ஆனா கமாண்ட் மாறுனது கூட தெரியாம இருக்கற விஷயத்துல மேக்கோட இதைச் சேர்க்க முடியாது. உயிரியல் டேட்டா மாதிரி நூத்துக்கணக்கான சாம்பிள் ஃபைல் இருக்கற வேலைன்னா டிவிசியை விட இதுதான் வசதி.

இனி, லிஸ்ட்டை நீங்க எழுதவே வேண்டாம்ங்கற வகை. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது சிசிகேஷ். 2002ல ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் எழுதுனது, சி, சி பிளஸ்பிளஸ் மாதிரி லாங்குவேஜ் கம்பைலுக்கு மட்டும்தான். கம்பைலர் முன்னாடி உக்காந்துக்கும், சோர்ஸ், அது உள்ள இழுக்கற ஹெடர் ஃபைல், ஃப்ளாக், கம்பைலர் எல்லாத்தையும் வச்சு ஹாஷ் போடும், முன்னாடி பார்த்ததுன்னா ஆப்ஜெக்ட் ஃபைலை எடுத்து வச்சுட்டு போயிடும். மேக் கூட சேர்த்தே யூஸ் பண்ணலாம், மேக் டைம்ஸ்டாம்ப்பைப் பார்த்து அவசரப்பட்டு எல்லாத்தையும் ஓட்டுனாலும் இது பின்னாடி இருந்து காப்பாத்தும். டீஃபால்ட்டா 5 ஜிபி வரைக்கும் வச்சுக்கும், பெரிய புராஜெக்ட்னா அதை ஏத்திடுங்க, இல்லைன்னா ஒரு முழு பில்டு முடியறதுக்குள்ள ஆரம்பத்துல போட்டதை வெளிய தள்ளிடும். ஏன் இவ்ளோ நம்பகமா இருக்குன்னா, ஒரே ஒரு வேலையை எடுத்துக்கிட்டு அதோட இன்புட் என்னென்னன்னு கரைச்சுக் குடிச்சிருக்காங்க. சோர்ஸ்ல கம்பைல் ஆன நேரத்தை நிரப்பற மேக்ரோ இருந்தா அதைக் கூட கவனிச்சு, டீஃபால்ட் செட்டிங்ல அந்த மாதிரி ஃபைலுக்கு ஜாக்கிரதையாத்தான் நடந்துக்கும். கம்பைலர் மாறிடுச்சான்னு மட்டும் அதோட சைஸும் டைம்ஸ்டாம்ப்பும் வச்சுத்தான் டீஃபால்ட்டா பார்க்கும், கம்பைலர் பேர்ல ஒரு ரேப்பர் ஸ்கிரிப்ட் வச்சிருக்கறவங்க அந்த செட்டிங்கை மாத்தியே ஆகணும். பல மெஷின் ஷேர் பண்ணணும், இல்ல ரஸ்ட் கோட்னா மோசில்லாவோட எஸ்கேஷ் இருக்கு, கிளவுட் ஸ்டோரேஜ்ல கேஷ் வச்சுக்கும்.

கோ லாங்குவேஜ்ல டெஸ்ட்டுக்கும் இதே மாதிரி உண்டு, 1.10ல இருந்து. பாஸான டெஸ்ட்டைத் திரும்ப ஓட்டச் சொன்னா ஓட்டாம பக்கத்துல கேஷ்டுன்னு போட்டுக் காட்டும், அந்த டெஸ்ட் எந்தெந்த ஃபைலைத் திறந்துச்சு, எந்த என்விரான்மென்ட் வேரியபிளைப் படிச்சுச்சுன்னு கூட பார்த்து வச்சுக்கும். ஆனா டெஸ்ட் ஒரு டேட்டாபேஸ்கிட்ட பேசுதுன்னா அந்த டேட்டாபேஸ் மாறுனது அதுக்கு எப்படித் தெரியும், தெரியாது, பழைய பாஸையே காட்டும். அதுக்குத்தான் கவுண்ட் ஃப்ளாக்கை 1ன்னு குடுத்து ஓட்டறது.

அடுத்தது பெரிய ஆளுங்க, பேசல்ங்கற பில்டு டூலும் நிக்ஸ்ங்கற பேக்கேஜ் மேனேஜரும். இவங்க வழியே வேற, லிஸ்ட்டை நீங்கதான் எழுதறீங்க, ஆனா லிஸ்ட்ல இல்லாததை உங்க வேலை தொடவே முடியாத மாதிரி ஒரு சாண்ட்பாக்ஸ்ல அடைச்சுடுவாங்க. ஹெல்பர் ஃபைலை எழுத மறந்துட்டீங்களா, பழைய ரிசல்ட் வராது, "அப்படி ஒரு ஃபைலே இல்ல"ன்னு பில்டு உடையும். மறதி சத்தமில்லாத தப்பா இல்லாம சத்தம் போடற எர்ரரா மாறுது, இந்த ஒப்பீட்டுலயே பெரிய வித்தியாசம் இதுதான்னு நினைக்கறேன். பேசல் கூகுளுக்குள்ள பிளேஸ்ங்கற பேர்ல இருந்தது, 2015ல ஓப்பன் சோர்ஸ் ஆச்சு. நிக்ஸ் ஏல்கோ டோல்ஸ்ட்ராவோட ஆராய்ச்சியில இருந்து வந்தது, அவரோட பிஎச்டி தீசிஸ் 2006. அதுல ஒவ்வொரு பேக்கேஜும் அதோட இன்புட் எல்லாத்துக்கும் சேர்த்துப் போட்ட ஹாஷை தன் ஃபோல்டர் பேர்லயே தூக்கிட்டு சுத்தும், பில்டு நடக்கும்போது நெட்வொர்க் கிடையாது, டவுன்லோட் பண்ணணும்னா என்ன ஹாஷ் வரும்னு முன்னாடியே சொல்லிடணும்.

கேஷை டீம் முழுக்க ஷேர் பண்ற அளவுக்கு நம்பலாம்ங்கறது இதோட பலன், ஒருத்தர் பில்டு பண்ணது மத்தவங்களுக்கு டவுன்லோடா வந்துடும். ஆனா பேசல்ல சி பிளஸ்பிளஸ்க்கு டீஃபால்ட்டா உங்க மெஷின்ல இருக்கற கம்பைலரைத்தான் தேடி எடுத்துக்கும், அது கீக்குள்ள முழுசா வராது, ரெண்டு பேர் மெஷின்ல வேற வேற கம்பைலர் வெர்ஷன் இருந்து ஒரே கேஷை ஷேர் பண்ணா வித்தியாசமான கோளாறெல்லாம் வரும். ஷேர் பண்றதா இருந்தா டூல்செயினையும் (கம்பைலரும் அது கூட வர்றதும்) புராஜெக்ட்டுக்குள்ளயே கொண்டு வந்துடுங்க, கேஷ்ல எழுதற உரிமையை சிஐக்கு (கோட் மாறும்போதெல்லாம் தானா பில்டும் டெஸ்ட்டும் ஓட்டற சர்வர்) மட்டும் குடுங்க, மத்தவங்க படிச்சா போதும். நிக்ஸ்ல வேற மாதிரி தொந்தரவு, ரிசல்ட்டோட ஹாஷை விட்டுட்டு இன்புட்டோட ஹாஷைத்தான் பார்க்கும், அதனால அடியில இருக்கற ஒரு லைப்ரரில ஒரு கமெண்ட் மாறுனா கூட அதை நம்பியிருக்கற எல்லாமே திரும்ப பில்டு ஆகும், நான் மேல சொன்ன பாதியில நிக்கற லாபம் இங்க வழக்கமா கிடையாது.

விலை என்னன்னு கேட்டா, உழைப்புதான். இருக்கற புராஜெக்ட்டை பேசலுக்கு மாத்தறது வாரக்கணக்குல போகும், அப்புறமும் அதைப் பார்த்துக்க ஒரு ஆள் வேணும். மூணு பேர் டீமுக்கு, பத்து நிமிஷ பில்டுக்கு இதைக் கொண்டு வர்றது மூட்டைப்பூச்சிக்கு பயந்து வீட்டைக் கொளுத்துன மாதிரி. பல லாங்குவேஜ், பல டீம், ஒரே ரெப்போ, சிஐ மணிக்கணக்குல ஓடுதுன்னா மட்டும் யோசிங்க.

டாக்கர் லேயர் கேஷையும் சிஐ கேஷையும் இந்த வரிசையில சேர்க்கலாமான்னு எனக்கு சந்தேகம்தான், ஆனா எல்லாரும் யூஸ் பண்றதால சொல்லிடறேன். டாக்கர்ல (புரோகிராமை அதோட லைப்ரரியோட சேர்த்து ஒரே இமேஜா கட்டற டூல்) ஒரு வரி மாறுனா அதுக்குக் கீழ இருக்கற எல்லா லேயரும் திரும்ப ஓடும், அதனால டிபெண்டன்சி லிஸ்ட் ஃபைலை முதல்ல காப்பி பண்ணி இன்ஸ்டால் பண்ணிட்டு, கோட்டை கடைசியில காப்பி பண்ணணும். காப்பி பண்ற ஃபைலுக்கு செக்சம் பார்க்கும், நல்ல விஷயம், ஆனா ரன் வரிக்கு அந்த வரியோட எழுத்துதான் கீ, பேக்கேஜ் லிஸ்ட்டை அப்டேட் பண்ற வரி தனியா இருந்தா ஆறு மாசம் முன்னாடி அப்டேட் ஆனதையே புதுசுன்னு நினைச்சுட்டு உக்காந்திருக்கும், அப்டேட்டையும் இன்ஸ்டாலையும் ஒரே வரில சேர்த்து எழுதணும்னு சொல்றது இதுக்குத்தான். கிட்ஹப் ஆக்ஷன்ஸ் கேஷ்ல கீயை நீங்களே எழுதணும், லாக் ஃபைலோட ஹாஷை அதுல போடுங்க, ஒரு தடவை சேவ் ஆன கீல திரும்ப எழுத முடியாது, டீஃபால்ட்டா 7 நாள் யாரும் தொடலைன்னா தூக்கிடும். டவுன்லோட் பண்ண பேக்கேஜை வச்சுக்க இது நல்லது. பில்டு ரிசல்ட்டையே இதுல வைக்கறதா இருந்தா, கூட சிசிகேஷ் மாதிரி தானே செக் பண்ற டூல் இருந்தா மட்டும் வைங்க.

சரி, எதை எடுக்கறது? ஓடறதுக்கு அஞ்சு செகண்ட்தான் ஆகுதுன்னா எதையும் எடுக்காதீங்க, கேஷ் வைக்கற செலவு அதை விட ஜாஸ்தி. சி கோட்னா யோசிக்காம சிசிகேஷ், பத்து நிமிஷத்துல போட்டுடலாம், பிடிக்கலைன்னா எடுத்துடலாம். தனியா ஒரு ஆள், ஃபைல் ஃபைலா போற வேலை, பாராமீட்டர் அடிக்கடி மாறாதுன்னா மேக், இன்னும் நான் முதல்ல எடுக்கறது அதுதான். பாராமீட்டரை மாத்தி மாத்தி ஓட்டி முன்னாடி வந்த ரிசல்ட்டுக்குத் திரும்பிப் போற வேலைன்னா டிவிசி. ஜாப்லிப்பை நோட்புக்ல தோண்டித் துருவிப் பார்க்கற கட்டத்துக்கு மட்டும் வச்சுக்கோங்க, நாலு பேருக்கு அனுப்பற ரிசல்ட்டை அதை நம்பி எடுக்காதீங்க. மேக்ல இருந்து நேரா பேசலுக்குத் தாவணும்னு தோணுச்சுன்னா, முதல்ல நிஞ்சாவும் சிசிகேஷும் சேர்த்துப் போட்டுப் பாருங்க, நிறைய பேருக்கு அதுவே போதும்.

எதை எடுத்தாலும் வாரம் ஒரு தடவை கேஷே இல்லாம காலி ஃபோல்டர்ல மொத்தத்தையும் ஓட்டி, வந்த ரிசல்ட்டோட ஹாஷையும் கேஷ்ல இருந்து வந்த ரிசல்ட்டோட ஹாஷையும் ஒப்பிட்டுப் பாருங்க. நான் ஞாயித்துக்கிழமை ராத்திரி தானா ஓடற மாதிரி வச்சிருக்கேன். முதல் வாரமே ரெண்டும் ஒத்துப்போகலை, ரெண்டாவது ஸ்டெப்ல ஃபோல்டர்ல இருந்த ஃபைலை சார்ட் பண்ணாம படிச்சிருந்தேன். ரெண்டாவது தடவை ஒத்துப்போகாதப்போ பார்த்தா, நடுவுல நான் பாண்டாஸை அப்கிரேட் பண்ணியிருக்கேன், மேக்குக்கு அது தெரியாது, இப்போ லைப்ரரி வெர்ஷன் லிஸ்ட்டையும் ஒரு ஃபைலா எழுதி அஞ்சு ரூல்லயும் டிபெண்டன்சியா போட்டு வச்சிருக்கேன்.